குரோமியத்தைக் காட்டும் தூள் எங்கள் கிணற்றடிக்கு எப்போது வரும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

இராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக வேதியியல் நடத்திக்கொண்டிருக்கிறேன். உலோக-கரிமக் கட்டமைப்புகள் என்ற, உள்ளே எண்ணற்ற நுண்துளை கொண்ட பொருட்களுக்குக் கிடைத்த 2025 வேதியியல் நோபல் பரிசைப் பற்றி நாளிதழ்களில் வந்த செய்திகளை எங்கள் பிள்ளைகள் வெட்டி ஆய்வகப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கலாம், கரியமில வாயுவைப் பிடித்து வைக்கலாம் என்று நிறைய எழுதியிருந்தார்கள், எல்லாம் சரிதான். ஆனால் அதே பொருளுக்கு எங்கள் ஊரோடு நேராகச் சம்பந்தப்பட்ட இன்னொரு வேலை இருக்கிறது. தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கன உலோகத்தைக் காட்டிக்கொடுக்கிற வேலை. நான் படித்த செய்திகளில் அது ஒரு வரிக்கு மேல் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவியின் அம்மா, "சார், தண்ணி மிஷின் விக்கிறவர் வந்திருக்காரு, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க" என்று போன் செய்தார். போனேன். கூடத்தில் ஒரு ஸ்டூல் மேல் இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்றில் அவர்கள் வீட்டு போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை வைத்து சுவிட்சைப் போட்டார். அரை நிமிடத்தில் போர்வெல் தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, அப்புறம் சேறு மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. "பாருங்கம்மா, இவ்வளவு விஷத்தைத்தான் குழந்தைக்குக் கொடுத்துக்கிட்டு இருக்கீங்க" என்றார். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

நான் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு வாங்கி, தெளிவாக நின்ற அந்த ஆர்.ஓ. தண்ணீரில் போட்டுக் கலக்கி, இப்போது சுவிட்சைப் போடுங்கள் என்றேன். அதுவும் அதே போலப் பழுப்பானது. காரணம் எளிது. அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாய்கிறது, மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைகிறது, டம்ளரில் சேறாகத் தெரிவது அந்தக் கம்பியின் துருதான். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லாததால் மின்சாரம் பாய வழியில்லை, கம்பி கரையவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வீட்டுத் தண்ணீரில் காரீயம் இருக்கிறதா, குரோமியம் இருக்கிறதா என்பதை அந்தச் சேறு எந்த வகையிலும் சொல்லாது.

ஆனால் அந்த அம்மா அடுத்துக் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "அப்ப எங்க தண்ணியில நெஜமாவே என்னதான் சார் இருக்கு? நாங்க எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

பலர் வீட்டில் டி.டி.எஸ். மீட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் நனைத்தால் 800, 1200 என்று எண் காட்டும். அது மொத்த உப்பைத்தான் காட்டும், அதுவும் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்துப் போடுகிற கணக்கு. குடிநீரில் காரீயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிப்பது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஒரு குடம் தண்ணீரில் தூள் உப்பின் இரண்டு மூன்று துகள் எடைதான் வரும், அதற்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001, மொத்தக் குரோமியத்துக்கு 0.05. இந்த மீட்டரோ ஒன்று ஒன்றாகத்தான் எண்ணும். காரீயம் அனுமதித்த அளவைப் போல ஐம்பது மடங்கு இருந்தாலும் மீட்டரில் ஓர் எண் கூட நகராது. மீட்டர் 60 என்று காட்டியதும் நிம்மதியாகக் குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது.

இங்கே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரிகைகளில் இந்த நஞ்சைப் பற்றி எழுதும்போது 'ஈயம்' என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து 'காரீயம்' என்று எழுதுங்கள். நம் வீட்டு ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் வெள்ளீயம், அது வேறு உலோகம். இரண்டையும் ஒரே பேரில் எழுதினால், ரசம் வைக்கும் பாட்டி பயந்து சொம்பைத் தூக்கி எறிகிறார், அல்லது 'நாங்க காலங்காலமா ஈயத்துல சமைச்சவங்கதானே' என்று காரீயத்தையும் லேசாக எடுத்துக்கொள்கிறார். (பூச்சு ஈயத்தில் காரீயத்தைக் கலந்து பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனிப் பேர் இருப்பது இன்னும் முக்கியம்.)

எங்கள் மாவட்டத்துக் கதை உங்களுக்குத் தெரியும். சிப்காட் பகுதியில் 1990-களில் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவை வெட்டவெளியில் மலையாகக் குவித்துவிட்டுப் போனது. மழை பெய்தால் அதன் அடியிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கசியும். 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது அதில் இராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது. 1996-லேயே, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியா முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்று வரை எடுத்துக்காட்டுகிற அந்தத் தீர்ப்பு எங்கள் பாலாற்றுக் கரையில் பிறந்தது. 2025 ஜனவரியிலும் வேலூர்ப் பக்கத்து டேனரிக் கழிவு பற்றி அதே நீதிமன்றம் திரும்பவும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் இருபத்தெட்டு வருடம்.

இதில் ஒரு விஷயத்தை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். டேனரியில் தோலைப் பதப்படுத்தப் பயன்படுவது குரோமியம்-3, அதன் கழிவு பச்சை கலந்த நீலமாக இருக்கும். குரோமேட் ஆலைக் கழிவிலிருந்து மஞ்சளாகக் கசிவது குரோமியம்-6. இரண்டும் ஒரே உலோகம்தான், ஆனால் உடம்பில் செய்கிற வேலை வேறு. 6 என்பது செல்லுக்குள் சுலபமாக நுழையும், புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான பொருள். 3 அவ்வளவு கெட்டது இல்லை, எளிதில் நகராது, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே 'குரோமியம் இருக்கிறது' என்று சொன்னால் மட்டும் போதாது, எந்தக் குரோமியம் என்று சொல்ல வேண்டும். ஒரு சோதனை முறை நல்லதா இல்லையா என்பதற்கு எனக்கு இதுதான் முதல் அளவுகோல்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மாணவன் ஒருவனின் தாத்தா, இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். "சார், தண்ணி லேசா மஞ்சக் காட்டுது. மாடு குடிக்க மாட்டேங்குது. பையன்தான் சொன்னான், எங்க சார் பாத்துச் சொல்லுவாருன்னு." வெயிலில் தூக்கிப் பார்த்தால் நீர்த்த டீ மாதிரி கூட இல்லை, வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால்தான் மஞ்சள் தெரிந்தது.

எங்களிடம் டைஃபினைல் கார்பசைடு இருந்தது. இது பழைய முறை, விலையும் குறைவு. தண்ணீரில் கொஞ்சம் சல்ஃபூரிக் அமிலம் சேர்த்து, அசிட்டோனில் கரைத்த இந்த மருந்தைச் சில சொட்டு விட்டால், குரோமியம்-6 இருந்தால் செவ்வூதா நிறம் வரும். குரோமியம்-3 இருந்தால் வராது. பிளஸ் டூ பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். முதல் சொட்டில் ஒன்றும் இல்லை, மூன்றாவது சொட்டில் குழாயின் மேல்பக்கம் ஒரு இளஞ்சிவப்பு வளையம் வந்தது, குலுக்கியதும் குழாய் முழுக்க நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது இருக்குன்னு அர்த்தமா, இல்லைன்னு அர்த்தமா?" என்று கேட்டார். இருக்கிறது ஐயா என்றேன். எவ்வளவு என்று கேட்டார். எங்கள் பள்ளியில் அளந்து சொல்லக் கருவி கிடையாது.

முறையாக அளக்க ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். தாள் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. மொத்தக் குரோமியம் எவ்வளவு என்று மட்டும் இருந்தது, 3 எவ்வளவு 6 எவ்வளவு என்ற பிரிவு இல்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. காரீயத்துக்கும் காட்மியத்துக்கும் மாதிரி எடுத்த உடனே நைட்ரிக் அமிலம் சேர்த்து வைக்க வேண்டும், இல்லையென்றால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குரோமியம்-6-க்கு அப்படி அமிலம் சேர்த்தால் அது வழியிலேயே 3 ஆக மாறிவிடக்கூடும், அதைக் குளிர வைத்து ஒரு நாளைக்குள் பார்த்தாக வேண்டும். ஒரே கிணற்றுத் தண்ணீருக்கு இரண்டு பாட்டில், இரண்டு பக்குவம். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பஸ்ஸில் வந்த தண்ணீருக்கு இதெல்லாம் எங்கே நடக்கும். அப்புறம் அளக்கிற கருவி, ஆர்கான் வாயுவை ஆயிரக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்கி அதில் தண்ணீரைத் தெளித்து உலோக அணுக்களை எடை பார்த்துப் பிரிக்கிற கருவி, எல்லா ஊரிலும் வைக்கிற விலை அல்ல.

சரி, குரோமியத்துக்காவது அந்த நாவல்பழ நிறம் இருக்கிறது. காரீயத்துக்கு என்ன இருக்கிறது? டைத்திசோன் என்று பழைய நிற முறை ஒன்று உண்டு, ஆனால் அதற்குச் சயனைடு சேர்க்க வேண்டும், குளோரோஃபார்ம் வேண்டும். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கொண்டுவரக் கூடாத பொருட்கள். இந்த இடைவெளியைத்தான் எம்.ஓ.எஃப். என்கிற உலோக-கரிமக் கட்டமைப்புகள் நிரப்ப முடியும் என்று நான் நம்புகிறேன்.

அது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில், பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ரிச்சர்ட் ராப்சன் 1974-ல் மாணவர்களுக்கு மூலக்கூறு மாதிரி செய்து காட்ட மரப்பந்துகளில் துளை போடச் சொன்னார். எந்தப் பந்தில் எந்தக் கோணத்தில் துளை என்று குறித்துக் கொடுத்தாக வேண்டும். துளை இருக்கும் இடத்தைப் பார்த்தாலே பந்துகள் எப்படி அடுக்கிக்கொள்ளும் என்பது முடிவாகிவிடுகிறதே என்று அவருக்குத் தோன்றியது. நானும் ஒவ்வொரு ஜூனிலும் அதே பந்து-குச்சி மாதிரிகளைத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்கிறேன், அதனால் இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பந்துக்குப் பதில் உலோக அயனி, குச்சிக்குப் பதில் கரிம மூலக்கூறு என்று வைத்து, 1989-ல் அவர் செம்பு அயனிகளைக் கொண்டு முதல் கட்டமைப்பைச் செய்து காட்டினார். உள்ளே நிறைய வெற்றிடம், ஆனால் எளிதில் நொறுங்கியது. கியோட்டோவின் சுசுமு கிடகாவா 1997-ல் வாயு உள்ளே போய்த் திரும்ப வந்தாலும் உடையாத கட்டமைப்பைச் செய்தார். ஒமர் யாகி 1999-ல் செய்த எம்.ஓ.எஃப்.-5 ஒரு கிராமுக்குள் ஏறக்குறைய 3000 சதுர மீட்டர் பரப்பு உண்டு, முக்கால் ஏக்கர் நிலத்தை மடித்து ஒரு சிட்டிகைத் தூளுக்குள் வைத்த மாதிரி. இந்த யாகி ஜோர்டானின் அம்மானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சில மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் வீட்டில் வளர்ந்தவர். இதை வகுப்பில் சொன்னபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "எங்க தெரு மாதிரியே சார்" என்றான்.

இவ்வளவு பரப்பும் துளைகளும் இருந்தால் போதாது, எந்த அயனி வந்தது என்று அது நமக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பல வகைக் கட்டமைப்புகளைப் புற ஊதா விளக்கில் ஒளிரும்படி செய்கிறார்கள். பாதரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சித்த மருத்துவத்தில் ரசமும் கந்தகமும் பிரிக்க முடியாத ஜோடி, சாதிலிங்கம் என்பதே இரண்டும் சேர்ந்த கூட்டுப்பொருள்தான். அந்தப் பிரியத்தையே இங்கும் பயன்படுத்துகிறார்கள். துளைக்குள் கந்தகம் கொண்ட கைகளைப் பொருத்தி வைத்தால், தண்ணீரில் ஆயிரம் கால்சியம், சோடியம் அயனிகள் அதைக் கடந்து போனாலும் பாதரசம் வந்ததும் கப்பென்று பிடித்துக்கொள்ளும், பிடித்ததும் ஒளி மங்கும். எவ்வளவு மங்கியதோ அவ்வளவு பாதரசம். மருந்துக் குழாய் ஒன்று, சின்ன விளக்கு ஒன்று, பார்க்கக் கண் அல்லது மொபைல் கேமரா, வேறு பெரிய கருவி வேண்டாம். காரீயத்துக்கும் காட்மியத்துக்கும் வேறு வழியும் உண்டு, இந்தத் தூளை ஒரு மின்முனையில் பூசி, அயனியை அதில் சேர வைத்து, பிறகு மின்னழுத்தத்தை மாற்றி உரித்தெடுக்கும்போது வரும் மின்னோட்டத்தை அளப்பது. அதற்குக் கையடக்கமான கருவி போதும்.

குரோமியம்-6 கதை கொஞ்சம் வேறு. அது தண்ணீரில் நேர்மின் அயனியாக இருப்பதில்லை, ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட்டாக, எதிர்மின் அயனியாக இருக்கிறது. ஆகவே நேர்மின்சுமை கொண்ட கட்டமைப்பு ஒன்று தன்னிடமிருக்கும் வேறொரு எதிர்மின் அயனியை விட்டுவிட்டு இதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதோடு, பெரியவரின் பாட்டிலை மஞ்சளாக்கிய அதே குரோமேட், புற ஊதா ஒளியையும் நன்றாக உறிஞ்சும். விளக்குக்கும் தூளுக்கும் நடுவில் திரை போட்ட மாதிரி. தூளுக்கு வெளிச்சம் போகாது, ஒளிர்வு குறையும்.

இங்கேதான் என் கவலையும் ஆரம்பிக்கிறது.

விளக்குக்குத் திரை போடக்கூடியது குரோமேட் மட்டுமா? இரும்பும் போடும். இலை மட்கிய சாறு கலந்த ஏரித் தண்ணீரும் போடும். எங்கள் பக்கம் போர்வெல்லில் துரு இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரும்பு-3 அயனி வந்தால் ஒளி மங்குகிற கட்டமைப்புகள் ஏராளம், அதை இரும்பைக் கண்டுபிடிக்கும் முறை என்றே ஆய்வுக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். அப்படியென்றால் ஒரு பாட்டி தன் கிணற்றுத் தண்ணீரில் இந்தத் தூளைப் பூசிய ஒரு சோதனைத் தாளை நனைத்து அது மங்கியதைப் பார்த்தால், இரும்பா, நஞ்சா, எதை நினைப்பாள்? கம்பி கரைத்துக் காட்டிய அந்த விற்பனையாளரின் டம்ளருக்கும் இதற்கும் அவளுக்கு என்ன வித்தியாசம் இருக்கும்?

நான் பல கட்டுரைகளை இணையத்தில் தேடிப் படிக்கிறேன், பள்ளி ஆசிரியர் என்ற அளவில் எனக்குப் புரிகிற வரை. சோதனை பெரும்பாலும் டிஸ்டில்டு வாட்டரில் நடக்கிறது. கடைசியில் 'உண்மை மாதிரி' என்று ஒரு பத்தி வரும். அதில் குழாய்த் தண்ணீரையோ ஆற்றுத் தண்ணீரையோ எடுத்து, வடிகட்டி, தாங்களே அளந்து உலோகத்தைச் சேர்த்து, சேர்த்தது அப்படியே திரும்பக் கிடைத்தது என்று காட்டுகிறார்கள். அது தேவையான சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் போட்டதை நாமே எடுப்பதும், முப்பது வருடமாக மண்ணில் ஊறி, உப்பும் இரும்பும் சாயமும் கலந்து வந்த கிணற்றுத் தண்ணீரில் இருப்பதை எடுப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்று என்னை உண்மையாகவே வருத்துகிறது. ஒளிர்வதற்கு வசதியாக இருக்கிறது என்று காட்மியத்தை வைத்தே கட்டமைப்பைச் செய்து, அதைக் கொண்டு தண்ணீரில் வேறு கன உலோகத்தைத் தேடுகிற கட்டுரைகள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு அது சரியாக இருக்கலாம். கிராமத்துக் கிணற்றடிக்கு அதைக் கொண்டுவர முடியுமா? சோதித்த தாளை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள், மழையில் கரைந்து அது எங்கே போகும்? இந்த வகைப் பொருட்களில் பல தண்ணீரில் நிற்காதவை, புகழ்பெற்ற அந்த எம்.ஓ.எஃப்.-5 கூட ஈரம் பட்டால் சிதைந்துவிடும். 2008-ல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் செய்த யூ.ஐ.ஓ.-66 போல, சிர்கோனியத்தை முடிச்சாக வைத்தவை தண்ணீரில் நன்றாகத் தாங்குகின்றன, அதில் கந்தகக் கைகளையும் பொருத்த முடிகிறது. அப்படிப்பட்டதை எடுத்துக்கொண்டு வரட்டும் என்பதுதான் நான் சொல்வது.

மங்குவதை மட்டும் பார்ப்பதற்குப் பதிலாக இரண்டு நிறத்தை ஒப்பிடுகிற முறை எனக்கு இன்னும் நம்பிக்கை தருகிறது. பழைய கலர் டிவியில் சிவப்பு நிறம் தந்தது யூரோப்பியம் என்ற தனிமம். அதையே கட்டமைப்பில் வைத்து, கூடவே நீலமாக ஒளிரும் ஒரு பகுதியையும் வைத்தால், உலோக அயனி வரும்போது ஒன்று மாறி மற்றது மாறாமல் நிற்கும்படி செய்யலாம். அப்போது 'மங்கலாக இருக்கிறதா, எனக்குத்தான் கண் தெரியவில்லையா' என்ற சந்தேகம் வராது. சிவப்பாக இருந்தது நீலமாகிவிட்டது என்றால் யாருக்கும் புரியும். விளக்கில் பேட்டரி இறங்கியிருந்தாலும் இரண்டு நிறமும் சேர்ந்தேதான் குறையும், விகிதம் அவ்வளவு கெடாது.

இதெல்லாம் நம்மால் ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். சென்னை ஐஐடி பேராசிரியர் பிரதீப்பின் குழு, ஆர்சனிக்கை நீக்கும் ஒரு நானோ பொருளை ஆய்வகத்தில் செய்ததோடு நிற்காமல், ஆர்சனிக் பாதித்த கிராமங்களுக்கே கொண்டு போய் வடிகட்டியாக நிறுவினார்கள். அம்ரித் என்று அதற்குப் பெயர். அது நீக்குகிற வேலை, நான் கேட்பது காட்டுகிற வேலை, பொருளும் வேறு. ஆனாலும் ஆய்வகத்திலிருந்து கிணற்றடி வரை இருக்கும் தூரத்தை நம் ஊர்க்காரர்கள் நடந்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

மக்களுக்கு இதைச் செய்யத் தெரியாது என்றும் சொல்லாதீர்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு அக்கா அதைச் செய்வதை நேரில் பார்த்தேன். பெட்டியைத் திண்ணையில் திறந்து வைத்து, ஒவ்வொரு குழாயையும் அதே தண்ணீரில் இரண்டு தடவை அலசி, சொட்டை எண்ணி விட்டு, நிற அட்டையை நிழலில் பிடித்து ஒப்பிட்டு, நோட்டில் தேதியோடு எழுதினார். என் பிளஸ் டூ பிள்ளைகள் அவ்வளவு ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள். ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, கடினத்தன்மை எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டியில் மருந்து இருந்தது. காரீயத்துக்கும் குரோமியத்துக்கும் பாட்டில் இல்லை. அந்த அக்காவிடம் இன்னும் இரண்டு குழாயும் ஒரு சின்ன விளக்கும் கொடுத்தால் அவர் பார்த்துக்கொள்வார். குரோமியத்துக்கு அந்தப் பழைய டைஃபினைல் கார்பசைடையே இப்போதே கொடுக்கலாம், நோபல் பரிசுக்காரர்கள் வரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கரைசல் பழுப்பானால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும், அமிலத்தை ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் நாளிதழ் மூலமாக ஆய்வாளர்களிடம் நான் கேட்பது இதுதான். வேலூரிலும் சென்னையிலும் எம்.ஓ.எஃப். பற்றி முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தோல் கழிவைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. உங்கள் அடுத்த கட்டுரைக்கு 'உண்மை மாதிரி' தேவைப்படும்போது பல்கலைக்கழகத்துக் குழாயைத் திறக்காதீர்கள். இங்கே வாருங்கள். வடிகட்டாமல், எதையும் சேர்க்காமல், கிணற்றிலிருந்து எடுத்தபடியே சோதியுங்கள், அதே தண்ணீரைப் பெரிய கருவியிலும் அளந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். துரு நிறைந்த தண்ணீரில் இந்தப் பொருள் ஏமாறுகிறது என்று யாராவது தெளிவாக எழுதினால், அது எங்களுக்கு இன்னொரு 'மிகக் குறைந்த அளவையும் கண்டுபிடித்தோம்' கட்டுரையை விடப் பெரிய உதவி. குரோமியம் என்று வந்தால் 3-ஐயும் 6-ஐயும் பிரித்துச் சொல்லுங்கள்.

பத்திரிகையாளர்களிடமும் ஒன்று. நோபல் பரிசு பெற்ற பொருள் என்று பெயர் போட்டு வடிகட்டி விற்க யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால், எந்த உலோகம், எவ்வளவு, எந்தத் தண்ணீரில் சோதித்தீர்கள் என்ற மூன்று கேள்வியைக் கேட்க மக்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அந்தப் பெரியவர் போன வாரம் கூடப் பள்ளிப் பக்கம் வந்தார். கிணற்றை மூடவில்லை, மாட்டுக்கு மட்டும் லாரித் தண்ணீர் வாங்குகிறார், கரும்புக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் பாய்கிறது. "புதுசா ஏதோ தூள் கண்டுபுடிச்சிருக்காங்களாமே சார், நம்ம ஊருக்கு வருமா?" என்று கேட்டார். பேரன் சொல்லியிருக்கிறான்.

எந்த ஆய்வுக்கூடம் கேட்டாலும் அவர் கிணற்றிலிருந்தும் சுற்றியுள்ள கிணறுகளிலிருந்தும் தண்ணீர் எடுத்துத் தர நானும் எங்கள் பிளஸ் டூ பிள்ளைகளும் தயார். பாட்டிலைக் கழுவி, பெயரும் நேரமும் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்துக் காலை எட்டு மணிக்குள் கொடுத்துவிடுவோம். குரோமியம்-6 என்றால் அன்றைக்கே பார்த்தாக வேண்டும், அதனால் வருவதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்,
இராணிப்பேட்டை மாவட்டம்.